கம்பஸில் இரசாயனவியல் படிக்கிறோம், பாடத்துக்கு வெளியே என்ன செய்யலாம்?

கேள்வி, நவம்பர் 9, மாலை 6.20

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். இரசாயனவியல் எனக்கு உண்மையிலேயே பிடித்த பாடம். லெக்சர், பிரக்டிகல், பரீட்சை தவிர வேறு எதுவும் தெரியாது. கொழும்பில் படிக்கிற என் மச்சாள் போட்டி, மாநாடு, தொழிற்பயிற்சி என்று நிறையச் சொல்கிறாள். மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதெல்லாம் நடக்குமா? வீட்டில் கொழும்புக்கு விடமாட்டார்கள். அனுபவமுள்ள அண்ணா, அக்காமார் சொல்லுங்கள்.

நவம்பர் 9, இரவு 9.40

நானும் வந்தாறுமூலையில்தான் படித்தேன். இரசாயனவியல் ஸ்பெஷல். இப்போது தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இலங்கை இரசாயனவியல் நிறுவனம். ராஜகிரியவில் இருக்கிறது, கட்டடத்தின் பெயரே 'அடமந்தேன் இல்லம்'. மாணவராக இருக்கும்போதே உறுப்பினராகச் சேரலாமா என்று கேட்டுப் பாருங்கள். அடுத்தது இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம். 1944இல் தொடங்கியது, ஒவ்வொரு வருடமும் டிசம்பரில் ஆண்டு அமர்வு நடத்துவார்கள். இரசாயனத்துக்குத் தனிப் பிரிவு உண்டு, ஆய்வுச் சுருக்கம் அனுப்பலாம். ஆனால் டிசம்பர்தானே என்று இருந்துவிடக் கூடாது, சுருக்கத்தைப் பல மாதம் முன்பே கேட்டுவிடுவார்கள். பிறகு ஆய்வு நிறுவனங்கள்: கண்டி ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம், கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், ஹோமாகமவில் நனோ தொழில்நுட்ப நிறுவனம்.

மறைக்காமல் சொல்கிறேன், இவற்றில் ஒன்றுகூடக் கிழக்கில் இல்லை. கொழும்பு அல்லது கண்டி பஸ் ஏறத்தான் வேண்டும்.

நவம்பர் 10, காலை 5.50

இரவு எழுதியதை நினைத்து நித்திரை சரியாக வரவில்லை. கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். நான் இன்றைக்கு இந்த வேலையில் இருப்பதற்கு அந்த நிறுவனங்கள் காரணமில்லை. கல்லடிப் பாலமும் ஒரு வாளியும்தான் காரணம்.

மூன்றாம் வருடத்தில் குளோரைட்டு நியமிப்பு செய்தோம், அதாவது தண்ணீரில் உள்ள உப்பின் குளோரைட்டை வேறொரு கரைசலைத் துளித்துளியாக விட்டு அளப்பது. மோர் முறை. 1856இல் வந்த முறை, இன்றும் உலகம் முழுக்கச் செய்கிறார்கள். மாதிரியில் இரண்டு துளி பொற்றாசியம் குரோமேற்று விட்டால் மஞ்சளாகும். அளவி என்கிற அளவுக் குழாயிலிருந்து வெள்ளி நைத்திரேற்று துளித்துளியாக விழும்போது பால் போல வெள்ளை வீழ்படிவு வரும். குளோரைட்டு தீர்ந்த அந்தத் துளியில் மஞ்சள் போய்ச் செங்கல் நிறம் தட்டும். குடுவையைச் சுழற்றினாலும் அந்த நிறம் போகாது. அதுதான் முடிவுப்புள்ளி.

பிரக்டிகலில் கொடுத்தது உப்பைக் கரைத்த தண்ணீர். பக்கத்தில் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு வாவி கிடக்கும்போது இதைப்போய் ஏன் அளக்கிறோம் என்று தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலத்துக்குப் போனேன். கயிறு கட்டிய வாளியை இறக்கித் தண்ணீர் எடுத்து, யோகட் வாங்கின பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கம்பஸுக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஆய்வுகூடத்துப் பொறுப்பாளர் ஒன்றும் கேட்கவில்லை. அளவி ஒன்றைக் கழுவித் தந்தார்.

அப்படி ஏழு மாதம். ஒரு சி.ஆர். கொப்பியில் திகதி, நேரம், மழையா வெயிலா, வாசிப்பு மூன்று. அவ்வளவுதான். வேலைக்கான நேர்முகத்தில் சான்றிதழ்களை ஒரு நிமிடம் பார்த்தார்கள், அந்தக் கொப்பியை இருபது நிமிடம் புரட்டினார்கள்.

எனவே தங்கச்சிக்கு என் பதில்: முதலில் ஊரில் ஒன்றை அளக்கத் தொடங்குங்கள். உறுப்புரிமை, மாநாடு, தொழிற்பயிற்சி எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். கையில் சொந்தமாக ஒரு அளவீடு இருந்தால்தான் அங்கெல்லாம் பேச ஏதாவது இருக்கும்.

நவம்பர் 10, இரவு

செலவு என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வெள்ளி நைத்திரேற்று விலை கூடியதுதான். ஆனால் 0.01 மூலர் கரைசல் ஒரு லீற்றருக்கு 1.70 கிராம் போதும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 19 கிராம் குளோரைட்டு இருக்கிறது, அதை நேரடியாக நியமிக்கப் போனால் போத்தல் காலியாகிவிடும். ஒரு மில்லிலீற்றரைத் தண்ணீர் விட்டு நூறாக ஐதாக்கி அதில் 25 எடுத்தால், சுமார் 13 அல்லது 14 மில்லிலீற்றரில் முடிந்துவிடும். ஐதாக்கலைச் சரியாகச் செய்யப் பழகுவதே பாதிப் படிப்பு.

நவம்பர் 11

முக்கியமான ஒன்றை எழுதாமல் விட்டேன். குரோமேற்று நஞ்சு. வெள்ளியும் வாவிக்குப் போகக் கூடாத பொருள். நியமித்து முடிந்ததைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். மூடியுள்ள போத்தலில் சேர்த்து, பெயர் ஒட்டி, ஆய்வுகூடத்தில் ஒப்படையுங்கள். இந்த நியமிப்பை வீட்டில் செய்யவே கூடாது. வாவியை அளக்கிறேன் என்று வாவியை அழுக்காக்கினால் என்ன பிரயோசனம்?

நவம்பர் 17

இரசாயனவியல் நிறுவனம் 1971இல்தானே தொடங்கியது, மாணவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். 1971 பெயர் மாறிய வருடம். இலங்கை இரசாயனச் சங்கம் என்று 1941இலேயே தொடங்கிவிட்டார்கள். அந்தக் காலத்திலேயே இங்கே இரசாயனவியலாளர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். 1979இலிருந்து அவர்களே இரசாயனவியலில் பட்டத்துக்கு நிகரான கற்கைநெறி ஒன்றும் நடத்துகிறார்கள். பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு அது பெரிய வாசல். உங்கள் தம்பி தங்கச்சிமாருக்கு மறக்காமல் சொல்லுங்கள்.

நவம்பர் 30

மழை விடவில்லை. கரண்ட் வந்து வந்து போகிறது, இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

10ஆம் திகதி எழுதிய கொப்பிக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அந்தப் பிழைதான் எனக்குக் கிடைத்த பெரிய பாடம்.

மாரியில் வாவி நிரம்பி வயலும் வீடும் தாழும்போது முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிடுவார்கள், தெரியும்தானே. அந்த வருடம் வெட்டிய பிறகு வாவியில் உப்பு ஏற வேண்டும் என்று எதிர்பார்த்தேன். மூன்று ஞாயிறு அளந்தும் ஏறவில்லை, குறைந்தது. 'முகத்துவாரம் திறந்தும் கடல்நீர் கல்லடி வரை வரவில்லை' என்று கொப்பியில் பெரிதாக எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

நாலாவது ஞாயிறு பாலத்தடியில் தோணியில் இருந்த ஒரு ஐயா மேலே பார்த்து, "தம்பி, கிழமைக்குக் கிழமை இந்தத் தண்ணியை எங்க கொண்டுபோறாய்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "நீ மேல்தண்ணியை எல்லோ அள்ளுறாய். மேல ஓடுறது ஆத்துத் தண்ணி. அடியில வந்து பார், கரிக்கும்" என்றார்.

கல் கட்டிய போத்தலுக்குத் தக்கை போட்டு, தக்கைக்குத் தனி நூல் கட்டி அடிக்கு இறக்கினோம். ஐயா நூலைச் சுண்டித் தக்கையை இழுத்தார், குமிழி மேலே வந்தது. கம்பஸில் மேல்நீருக்கு 6 மில்லிலீற்றர் போதுமாயிருந்தது. அடிநீருக்கு அளவி முழுவதும் இறங்கியும் செங்கல் நிறம் வரவில்லை. ஐதாக்கித்தான் அளக்க முடிந்தது.

உப்புநீர் பாரம் கூடியது, நன்னீருக்கு அடியால் ஆப்பு மாதிரி நுழைகிறது. புத்தகத்தில் படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். நான் வாசித்தும் இருக்கிறேன். வாளியைப் பிடிக்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. கோடு போட்ட வரியை வெட்டி, பக்கத்தில் ஐயா சொன்னதைத் திகதியோடு எழுதினேன். நேர்முகத்தில் இருபது நிமிடம் புரட்டினார்கள் என்றேனே, அதில் பாதி நேரம் இந்தப் பக்கத்தில்தான்.

டிசம்பர் 1

கிணறுக்கும் இதே கதைதான் என்று ஒரு அக்கா எழுதியது சரி. கரையோர மணலில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. மறுபக்கம் பார்த்தால், மேலே கொஞ்சம் இறைத்தாலும் அடியிலுள்ள உவர் எழும்பி வரும். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளைச் சுத்தமாக்கவென்று திரும்பத் திரும்ப இறைத்து, சில இடங்களில் உப்பைக் கூட்டித்தான் விட்டார்கள். நல்ல மனதோடு செய்த வேலை. அளந்து பார்த்து இறைத்திருக்கலாம்.

டிசம்பர் 8

சம்மாந்துறையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "எங்கட பீடம் சம்மாந்துறையில. இங்க வாவி இல்ல நானா, நெல்லு மட்டும்தான். நாங்க என்ன அளக்கிற?"

நெல் இருந்தால் போதும் தம்பி. அரிசி ஆலைக்குப் பின்னால் மலை மாதிரிக் கிடக்கிற உமியைப் பாருங்கள். உமியை எரித்தால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சாம்பலைச் சோடியம் ஐதரொட்சைட்டில் கொதிக்க வைத்து வடித்தால் சோடியம் சிலிக்கேற்றுக் கரைசல். அதில் ஐதான அமிலத்தைத் துளித்துளியாக விட வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. நடுநிலையை நெருங்கும்போது கலக்குகிற கண்ணாடிக் கோல் திடீரென்று பாரமாகும், ஓரிரு நிமிடத்தில் முகவையைச் சாய்த்தாலும் ஊற்றுப்படாத ஜெலியாகிவிடும். அதைக் கழுவி உலர்த்தினால் சிலிக்கா ஜெல். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் சின்னப் பையில் வருகிறதே, அதே இனம். நிறங்களைப் பிரிக்கும் கண்ணாடிக் குழாய் நிரல் ஒன்றுக்கு அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். எந்த வெப்பநிலையில் எரித்தால் நல்ல சிலிக்கா வருகிறது என்று ஒப்பிட்டாலே இறுதி வருட ஆய்வுக்குக் காணும்.

அம்பாறைக்காரருக்கு இன்னொன்று. ஹிங்குராணை சீனி ஆலை உங்கள் மாவட்டத்தில்தான். கரும்புப் பாகு நொதித்து எதனோல் ஆவதை நேரில் பார்க்கத் துறைத் தலைவர் ஊடாகக் கடிதம் போடுங்கள். மாணவர் தனியாகக் கேட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

டிசம்பர் 9

உமிச் சாம்பலில் ஒரு எச்சரிக்கை. 700 பாகை செல்சியஸ் வரை எரித்தால் பெரும்பாலும் பளிங்குருவற்ற, அதாவது பளிங்கு ஒழுங்கில்லாத சிலிக்கா கிடைக்கும். அதற்கு மேலே போகப் போகப் பளிங்குருவாகத் தொடங்கும், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதி. முகமூடி போடுங்கள், சாம்பலை ஊதாதீர்கள்.

ஜனவரி 5

தொழிற்பயிற்சி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், தள்ளிப்போட முடியாது.

என் முதல் பயிற்சி மோசம். இடம் வேண்டாம். ஆறு வாரமும் குடுவை கழுவினேன். கருவி இருந்த அறைக்குள் இரண்டு முறைதான் விட்டார்கள், அதுவும் தூசு தட்ட. கடைசி நாளில் நல்ல சான்றிதழ் தந்தார்கள். அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கசக்கும், ஆறு வாரம் எனக்குத் திரும்பக் கிடைக்காது. ஒரு பயிற்சிக்குப் போகும் முன் 'என்ன செய்யவிடுவீர்கள்' என்று எழுத்தில் கேளுங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நான் நினைத்ததுதான் பிழை.

இரண்டாவது பயிற்சி நீர் சுத்திகரிப்பில். மட்டக்களப்புக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரித்து வருகிறது, அம்பாறைப் பக்கத்துக்குக் கொண்டவட்டுவான். இப்படியான இடத்தில் ஒரு மாதம் நின்றால் புத்தகத்தில் இல்லாத இரசாயனம் படிக்கலாம். எந்த அளவில் தண்ணீர் நன்றாகத் தெளிகிறது என்று பார்க்க ஆறு முகவையில் குளத்துத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு படிகாரம். முதலில் வேகமாகக் கலக்கி, பிறகு மெல்ல. மூன்றாவதில் மூக்குத்தூள் மாதிரித் திரள் கூடும், நாலாவதில் பஞ்சு பஞ்சாக இறங்கும், ஆறாவதில் படிகாரம் கூடிப்போய்த் திரும்பக் கலங்கும். மழை பெய்த மறுநாள் நேற்றைய அளவு சரிவராது. அங்கே இருந்த அக்கா குளத்து நிறத்தைப் பார்த்தே இன்றைக்கு எவ்வளவு என்று சொல்லுவா. ஆனாலும் ஆறு முகவையையும் வைக்காமல் விடமாட்டா. அவவிடம்தான் நான் வேலை படித்தேன்.

ஜனவரி 6

மின்னஞ்சலா கடிதமா என்று கேட்டால், இரண்டும். நான் பதினான்கு இடத்துக்கு எழுதினேன், பதில் வந்தது இரண்டு. பதில் வந்த இரண்டுக்கும் வாவி அளவீட்டை ஒரு பக்கம் இணைத்திருந்தேன், மற்றதற்கெல்லாம் 'ஆர்வமுள்ள மாணவன்' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

ஜனவரி 19

கணினி விருப்பமுள்ளவர்களுக்கு. கருவி இல்லை என்று கவலைப்படுபவர்களுக்கும்தான்.

கணிப்பு இரசாயனவியலுக்கு ஒரு லாப்டொப் காணும். மூலக்கூறு வரைய 'அவோகட்ரோ' என்கிற மென்பொருள் இலவசம், கணிக்க 'ஓர்கா' கல்வித் தேவைக்கு இலவசம். முதல் நாள் தண்ணீர் மூலக்கூறைப் போட்டுக் கோணம் 104.5 பாகைக்குப் பக்கத்தில் வருகிறதா பாருங்கள். வந்ததும் ஒரு சந்தோசம் வரும், ஏ.எல். படிக்கும்போது பாடமாக்கிய எண் கண்முன்னே பிறக்கிறது. அடிப்படை படிக்க இந்தியாவின் ஐ.ஐ.டி.க்காரரின் என்.பி.டி.இ.எல். இணைய விரிவுரைகள் இருக்கின்றன, காசு வேண்டாம். டேட்டா மட்டும் இரவு பக்கேஜில் போட்டு இறக்கி வையுங்கள்.

முன்பு இதை நான் மட்டமாக நினைத்தேன். கை நனையாத இரசாயனம் என்ன இரசாயனம் என்று நண்பனோடு வாதாடியிருக்கிறேன். அவன்தான் எங்கள் பச்சில் முதலாவதாகக் கலாநிதிப் பட்டம் எடுத்தவன். நான் சொன்னது தவறு.

பெப்ரவரி 12

தங்கச்சி எழுதியிருக்கிறா: "அண்ணா, கிணற்றுத் தண்ணீர் எடுக்கத் தொடங்கிவிட்டேன். ஆனால் நாங்கள் நாலு பெண் பிள்ளைகள் சேர்ந்து ஏதாவது செய்ய ஆசை. தூரம் போகாமல்."

இரண்டு விசயம். ஐயுபாக் என்கிற சர்வதேச இரசாயன ஒன்றியம் 2019இல் நூறு வயதானபோது பெண்களின் காலை உணவுக் கூடல் என்று ஒன்றைத் தொடங்கியது. ஒவ்வொரு பெப்ரவரியும் உலகம் முழுக்க ஒரே நாளில் நடக்கிறது. நடத்தப் பெரிய மண்டபம் தேவையில்லை. பதிந்துவிட்டு, துறையின் ஒரு அறையில் பிட்டும் சம்பலும் வைத்து ஒரு மிஸ்ஸைக் கூப்பிட்டு, அவ எப்படி இந்தத் துறைக்கு வந்தா என்று கேட்டால் அதுவே கூடல். அடுத்த வருடத்துக்கு இப்போதே யோசியுங்கள்.

மற்றது பள்ளிக்கூடம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஆய்வுகூடமே இல்லாத பள்ளிகள் உண்டு. நாங்கள் ஆறு பேர் ஒரு சனிக்கிழமை போனோம். கொண்டுபோனது சங்குப்பூ, தேசிக்காய், வெற்றிலைச் சுண்ணாம்பு, தேத்தண்ணிக் கிளாஸ் இருபது. பூவைச் சுடுநீரில் போட்டால் நீலம். தேசிப்புளி விட்டால் ஊதா, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் பச்சை. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பச்சையான கிளாஸுக்குள் தானாகவே தேசிக்காயைப் பிழிந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பச்சை திரும்ப நீலமானதும் என் முகத்தைப் பார்த்து, "சேர், அப்ப இது திரும்பிப் போகுமா?" என்று கேட்டது. மீள்தாக்கம் பற்றி நான் பல்கலைக்கழகத்தில் கேட்ட எந்தக் கேள்வியும் அதைவிட நல்லதில்லை.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளை நாம் யாழுக்கும் தமிழுக்கும்தான் நினைக்கிறோம். அவர் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி, யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவர். விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்று கலைச்சொல் வேலையிலும் முன்னின்றார். அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது ஆசிரியர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

பெப்ரவரி 13

ஒரு ஐயா திருத்தம் அனுப்பியிருக்கிறார், நன்றி. அடிகள் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பிக்கப் போனது 1917இல், அப்போது கையில் இருந்தது கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் 1916இல் எடுத்த விஞ்ஞான டிப்ளோமா. இலண்டன் பட்டம் 1920இல்தான். என் வசனம் பட்டம் எடுத்த பிறகு படிப்பித்தார் என்ற மாதிரி இருந்தது. டிப்ளோமாவோடு படிப்பித்துக்கொண்டே பட்டத்துக்கும் படித்திருக்கிறார். மகாபொல காசும் டியூஷன் காசுமாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தத் திருத்தம் இன்னும் பொருத்தம்.

மார்ச் 3

வெளிநாடு பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் இரசாயனக் கலாநிதிக் கற்கைக்கு நாலு வருட ஸ்பெஷல் பட்டத்தோடு நேரடியாக விண்ணப்பிக்கலாம், முதுமாணி கட்டாயமில்லை. பெரும்பாலும் படிப்பித்தல் உதவியாளர் சம்பளத்தோடுதான் எடுப்பார்கள், கட்டணமும் விலக்கு. சொந்தக் காசில் போக வேண்டிய படிப்பு என்று பல வீடுகளில் நினைத்துப் பிள்ளையை மறித்துவிடுகிறார்கள். தங்கச்சி, இதை வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். பரிந்துரைக் கடிதம் தர மூன்று பேர் தேவை, அவர்கள் உங்களைப் பெயரோடு தெரிந்திருக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் பின்வரிசையில் நின்றால் தெரியமாட்டார்கள்.

மார்ச் 16

தங்கச்சி கிணற்று வாசிப்பு எட்டுக் கிழமைக்கு அனுப்பியிருக்கிறா. கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்து, திகதி, நேரம், மழை எல்லாம் வைத்து. பார்த்ததும் எனக்கு உண்மையில் கண் கலங்கியது.

இனி வேலைக்கு வருவோம். எல்லா வாசிப்பும் ஒரே அளவில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. வெற்று நியமிப்பு செய்தீர்களா? காய்ச்சி வடித்த நீர் 25 மில்லிலீற்றர், அதே துளி குரோமேற்று. செங்கல் நிறம் வர எவ்வளவு வெள்ளி நைத்திரேற்று போகிறதோ, அதை ஒவ்வொரு வாசிப்பிலிருந்தும் கழியுங்கள். பழைய எண்ணை அழிக்க வேண்டாம், பக்கத்தில் எழுதுங்கள். ஐந்தாம் கிழமை வாசிப்பு மட்டும் தனியாக நிற்கிறது. அன்றைக்கு வாளியால் அள்ளினீர்களா, மோட்டரால் இறைத்த தண்ணீரா என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.